ட்ரீ இணையப் பயிற்சி: நெறிமுறைக் குழுவில் உட்காரப்போகும் பொது உறுப்பினருக்கு எவ்வளவு உதவும்?

டர்பனில் ஒரு பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் தன் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு, ஆய்வுத் துறையைச் சேராத பொது உறுப்பினர் தேடினால், தமிழர் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் கோயில் கமிட்டிக்காரர்களையும் கேட்பது இயல்புதான். சரி என்று தலையாட்டியவுடன் கேட்கப்படுவது பயிற்சிச் சான்றிதழ். தென்னாப்பிரிக்காவில் அதற்குப் பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம் ட்ரீ (TRREE). ஸ்விட்சர்லாந்தின் நியூஷாடெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஆப்பிரிக்க நாடுகளை மனதில் வைத்துக் கட்டப்பட்ட இலவச இணையப் பயிற்சி அது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், போர்ச்சுகீசு மொழிகளில் கிடைக்கும். தமிழில் இல்லை.

பெயரைப் பதிவுசெய்து உள்ளே போனால் பாடங்கள் எண் போட்டு நிற்கும். 1 ஆய்வு நெறிமுறைக்கு அறிமுகம், 2.1 குழு ஒரு விண்ணப்பத்தை எப்படி மதிப்பிடுகிறது, 3.1 தகவலறிந்த ஒப்புதல் (ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டு பங்கேற்பாளர் சம்மதிப்பது), 3.2 மருந்துச் சோதனைகளின் நல்ல நடைமுறை. இவற்றோடு சில நாடுகளுக்குத் தனி இணைப்பும் உண்டு. தென்னாப்பிரிக்க இணைப்பை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வினாத்தாள் இருக்கும். 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ், தவறினால் திரும்ப எழுதலாம். எழுத்துதான் அதிகம் என்பதால் டேட்டா கரையாது. ஆனால் கைபேசியில் படிக்க வேண்டாம். வினாவையும் பாடத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கப் பெரிய திரை வேண்டும்.

எண் வரிசையில் போக வேண்டிய அவசியமில்லை. பொது உறுப்பினருக்கு 1, 3.1, தென்னாப்பிரிக்க இணைப்பு, பிறகு 2.1 என்ற வரிசையே நல்லது. ஒப்புதல் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு மதிப்பீட்டுப் பாடத்துக்குப் போனால் அது உடனே பிடிபடும். குழு மருந்துச் சோதனைகளைப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் 3.2.

பாடங்களில் உயிருள்ளது 3.1. ஒப்புதல் என்பது கையெழுத்தோடு முடிவதல்ல, ஆய்வு நடக்கும் வரை தொடரும் உரையாடல் என்பதை அது மனதில் பதிய வைக்கிறது. 1-ல் வரும் வரலாறு, அதாவது 1947 நியூரம்பர்க் நெறி, 1964 ஹெல்சிங்கி அறிக்கை, 1979 பெல்மாண்ட் அறிக்கை, வினாத்தாளுக்கு உதவும். கூட்டத்தில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. நம் ஊர்க்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது வேறொன்று: தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு. தகவலறிந்த ஒப்புதல் இல்லாமல் ஒருவரை மருத்துவ, அறிவியல் பரிசோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று நாட்டின் உச்ச சட்டமே சொல்கிறது. பேராசிரியர்கள் நிறைந்த மேசையில் பொது உறுப்பினர் தயங்காமல் பேசுவதற்கு அந்த ஒரு வரி போதும்.

இனி குறை. இந்தப் பயிற்சி கொள்கையைச் சொல்லித்தருகிறது, காகிதத்தைப் படிக்கச் சொல்லித்தரவில்லை. கூட்டத்துக்கு முன் வரும் கட்டு பருமனாக இருக்கும். புரோட்டோகால், அதாவது ஆய்வை எப்படி நடத்தப்போகிறார்கள் என்ற திட்ட ஆவணம், மட்டுமே நூறு பக்கத்தைத் தாண்டலாம். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர் இருபதாம் பக்கத்தில் சோர்ந்துவிடுவார். பங்கேற்பாளரின் கைக்குப் போகும் தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் முதலில் எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் புரோட்டோகாலோடு ஒப்பிடுங்கள். எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம், எவ்வளவு ரத்தம்? புரோட்டோகால் நான்கு வருகைக்கும் தலா 25 மில்லி எடுக்கிறது, தாளிலோ “சிறிதளவு ரத்தம்” என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 மில்லி. தேக்கரண்டிக்கு 5 மில்லி என்றால் 20 தேக்கரண்டி. அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பிழைகள் பெரும்பாலும் வெட்டி ஒட்டுவதில் வருகின்றன. அமெரிக்க மாதிரிப் படிவத்தை எடுத்து, அந்த நாட்டுச் சட்டத்தின் பெயரைக்கூட நீக்காமல் அனுப்புவார்கள். இங்கே பேச வேண்டியது 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டமான போப்பியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பற்றி. புகார் சொல்ல வெளிநாட்டு எண் இருக்கும், குழுவின் எண் இருக்காது. எஞ்சிய ரத்த மாதிரியை எதிர்கால ஆய்வுக்குச் சேமிப்பதற்கும் மூல ஆய்வில் சேருவதற்கும் ஒரே கையெழுத்தாக இருக்கும். இவை இரண்டும் வேறு வேறு முடிவுகள். தனித்தனிக் கட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

இழப்பீட்டுப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். “ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவை ஏற்போம்” என்பது தாராளமாகத் தோன்றும். மருந்துச் சோதனையில் பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் கையெழுத்திட்ட படிவத்தின்படி மருத்துவச் செலவுக்கு மேல் கேட்க முடியாது என்று மேற்கு கேப் உயர்நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. வேலைக்குப் போகாமல் இழந்த வருமானத்துக்கு ஒன்றும் இல்லை. எனவே எது கிடைக்காது என்பது தாளில் பச்சையாக இருக்க வேண்டும். ட்ரீ முடித்தவர்கள் தாண்டிப்போகும் பத்தி பெரும்பாலும் இதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் தென்னாப்பிரிக்க இணைப்பை மெதுவாகப் படிக்க வேண்டும். குழந்தைகள் சட்டப்படி, போதிய முதிர்ச்சி இருந்தால் 12 வயதுப் பிள்ளை தானே சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளலாம். ஆய்வுக்கு அது செல்லாது. 2003 தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிய விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் எத்தனையோ பிள்ளைகள் பாட்டி வீட்டில், நம் வழக்கில் ஆயா வீட்டில், வளர்கிறார்கள். ஆயாவின் கையில் நீதிமன்றக் காகிதம் எதுவும் இருக்காது. சுகாதாரத் துறையின் 2015 வழிகாட்டி (இப்போது நடப்பில் இருப்பது 2024 பதிப்பு) இதற்கு ஒரு படிவரிசை வைத்திருந்தது: பெற்றோர், நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், வளர்ப்புப் பெற்றோர், அதற்கடுத்து நடைமுறையில் பிள்ளையைப் பராமரிப்பவர். விண்ணப்பதாரர் எந்தப் படியில் நிற்கிறார், ஏன் என்று கேட்பது பொது உறுப்பினரின் வேலை, ஏனென்றால் அந்த வீடுகள் எப்படி நடக்கின்றன என்பது அவருக்குத் தெரியும்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசிய சுகாதார ஆய்வு நெறிமுறைக் குழு 2012-ல் தந்த கணக்கு நேரம், சிரமம், செலவு என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. நேரத்துக்குப் பயிற்சியற்ற தொழிலாளியின் மணிக்கூலிதான் அளவுகோல். மூன்றையும் ஒரே தொகையாக்கி நீட்டினால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மொழிதான் எந்தப் பயிற்சியும் கற்றுத்தராத இடம். சூலு மொழிபெயர்ப்பு வந்தால், அதை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து சரிபார்த்தாரா என்று கேளுங்கள். தமிழ் இன்னும் சிக்கல். 1860-ல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகளாகி இன்று இருப்பவர்களில், தமிழைக் காதால் அறிந்த பெரியவர்கள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் குறைவு. ஆகவே சாட்ஸ்வர்த் முதியவர்களுக்குத் தமிழ் எழுத்தில் படிவம் அச்சிட்டோம் என்பது மரியாதையாகத் தெரிந்தாலும், பலருக்கு அது வெற்றுக் காகிதம்தான். வாய்விட்டு விளக்குபவரும், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியும் இருந்தால் அதுவே ஒப்புதல். காவடித் திருவிழாவில் சர்க்கரை அளவு பார்த்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் திட்டம் வந்தால், கோயில் தலைவரின் அனுமதி இடத்துக்கான அனுமதி மட்டுமே. விரதத்திலும் வேண்டுதலிலும் இருக்கும் பக்தரிடம் அங்கேயே கையெழுத்து வாங்கக் கூடாது. தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, சில நாள் கழித்துக் கேட்கட்டும்.

2.1 பாடத்தில், குழு ஆய்வுக்கு அனுமதி தந்த பிறகு செய்ய வேண்டிய கண்காணிப்பை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். நாட்டின் முதல் நெறிமுறைக் குழுவை 1966-லேயே அமைத்தது ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம். அங்கேயே ஒரு புற்றுநோய் நிபுணர் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை ஒன்று வெற்றி என்று 1999-ல் அமெரிக்க மாநாட்டில் அறிவித்தார். 2000-ல் அமெரிக்கத் தணிக்கைக் குழு வந்து ஆவணங்களைப் பார்த்தபோது, அந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லை, நோயாளிகளின் ஒப்புதல் படிவங்களும் இல்லை. குழு இருப்பது மட்டும் போதாது. ஆண்டுப் புதுப்பித்தலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்ற மூன்று கேள்வியை விடாதீர்கள்.

கூட்ட நடைமுறையும் பாடத்தில் சுருக்கமாகவே வருகிறது. 2015 வழிகாட்டி குறைந்தது 9 உறுப்பினர் வேண்டும் என்றது. விண்ணப்பதாரர் உறவினரோ கூட்டாளியோ என்றால் முன்கூட்டிச் சொல்லி வெளியே போய்விட வேண்டும். வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தால் போதாது. கருத்தைக் கூட்டத்தில் யோசித்துச் சொல்லலாம் என்று விடாமல், பக்க எண்ணோடு எழுதி முன்பே செயலருக்கு அனுப்புங்கள். வாய்ச்சொல் குறிப்பேட்டில் மெலிந்துவிடும், எழுத்து அப்படியே விண்ணப்பதாரருக்குப் போகும்.

இத்தனை குறையோடும் ட்ரீயைச் செய்யுங்கள் என்றே சொல்வோம். காசில்லாமல் இதைவிட ஒழுங்கான தொடக்கம் இல்லை. பக்கத்திலேயே சுகாதாரத் துறையின் 2024 மூன்றாம் பதிப்பு வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழுவைக் கட்டுப்படுத்துவது அந்த நூல்தான். இன்னும் ஆழமாகப் படிக்க விரும்புவோருக்குக் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சரெட்டி பயிற்சித் திட்டம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே இருக்கிறது. சான்றிதழ்களைப் பாட எண் தெரியும்படி தனித்தனிக் கோப்பாகச் சேமித்து, நியமனக் கடிதத்தின் நகலோடு குழுச் செயலரிடம் முதல் கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.