பன்றிக் கொட்டகைக்குக் கூலிங் பேடா, தெளிப்பானா, சொட்டுநீரா?

பன்றிக்கு வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. சூடு ஏறினால் சேற்றில் புரளும், அது கிடைக்காதபோது மூச்சிரைக்கும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே பால் கொடுக்கும் தாய்ப்பன்றி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், பாலும் வற்றும். எந்தக் கருவி என்று யோசிக்குமுன் காற்றின் ஈரப்பதத்தையும் உள்ளே இருக்கும் பன்றியின் வயதையும் பாருங்கள். விலை அப்புறம்.

கூலிங் பேட் என்பது நீர் ஊறிக்கொண்டே இருக்கும் தடித்த அட்டைச் சுவர்; விசிறிகள் அதன் வழியே காற்றை உள்ளே இழுத்துக் குளிர்விக்கும். இது வறண்ட ஊர்களுக்கு ஏற்றது. வெளியே 38 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால், 75 சதவீதத் திறனுள்ள பேட் உள்ளே வரும் காற்றை 28 டிகிரி வாக்கில் இறக்கிவிடும். அதே பேட், 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் 3 டிகிரிதான் குறைக்கும், கொட்டகையோ புழுங்கிப்போகும். அப்படிப்பட்ட நாளில் பம்பை நிறுத்திவிட்டு விசிறிகளை மட்டும் முழு வேகத்தில் ஓட்டுவதே மேல்.

அளவுக் கணக்கு இப்படி: கொட்டகை 12 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் குறுக்குவெட்டு 30 சதுர மீட்டர். பன்றியின் மேல் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டுமானால், நொடிக்கு 45 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். 150 மி.மீ. தடிமன் பேட் வழியாக நொடிக்கு 1.75 மீட்டர் என்று வைத்தால் சுமார் 26 சதுர மீட்டர் பேட் வேண்டும். பேட் சிறுத்தால் விசிறி திணறும், காற்று குறையும்.

பேடில் காய்ந்த கோடுகள் தெரிந்தால் அவற்றின் வழியே வெயில் காற்று அப்படியே உள்ளே வருகிறது என்று பொருள். மேலே உள்ள குழாயின் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கதவிடுக்கு, கிழிந்த திரை, தளர்ந்த விசிறி பெல்ட் மூன்றும் இதே அளவுக்குக் கெடுக்கும். தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றாவிட்டால் உப்பு படிந்து பேட் கல்லாகிவிடும். பாசி பிடிக்காமல் இருக்க, நாளுக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓட்டி முழுதாக உலர்த்த வேண்டும்.

வளரும் பன்றிகளுக்குத் தெளிப்பான் போதும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் விசிறியோடு சேர்த்தால் பேடைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். 2 நிமிடம் தெளித்து, 10 முதல் 15 நிமிடம் நிறுத்த வேண்டும். இந்த இடைவெளிதான் உயிர். ஒரு லிட்டர் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். அதே நீர் 10 டிகிரி சூடாகி வாய்க்காலில் ஓடினால் 42 கிலோஜூல்தான். நிறுத்தாமல் தெளிப்பவர்கள் நீரையும் சாணக் குழியின் இடத்தையும் வீணாக்குகிறார்கள். பெரிய துளிகளாக, சாணம் போடும் பக்கத்தில் விழட்டும். படுக்கும் இடம் உலர்ந்திருக்கும்.

நீரை மூடுபனிபோலத் தூவும் குறைந்த அழுத்த ஃபாகர் வேண்டாம். பனித்துளிபோல மயிரில் நிற்குமே தவிர, தோலை நனைக்காது.

குட்டி ஈனும் அறையில் சிக்கல் வேறு. தாய்க்கு 20 டிகிரி சுகம், பிறந்த குட்டிக்கோ 32க்கு மேல் வேண்டும். அங்கே தெளிப்பான் கூடவே கூடாது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விழுமாறு சொட்டுநீர் வையுங்கள். மணிக்கு 2 முதல் 3 லிட்டர், அதுவும் விட்டு விட்டு. ஒரு சாண் முன்னே தள்ளினால் காதில் விழும், பன்றி தலையை உதறிக்கொண்டே இருக்கும். இன்னும் முன்னே போனால் தீவனத் தொட்டியில் சொட்டித் தீவனம் புளிக்கும். பின்னே போனால் குட்டிகள் படுக்கும் இடம் நனைந்து, கழிச்சல் வரும். நீர் கீழே வடியும் துளைத்தளம் இல்லாத அறைக்கு இந்த முறை ஒத்துவராது.

எதை வைத்தாலும், மதியம் படுத்திருக்கும் பன்றியின் விலா அசைவை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20 முதல் 30 இயல்பு. 50ஐத் தாண்டினால் காற்று வேகத்தையோ டைமரையோ அன்றைக்கே மாற்றுங்கள்.