புதிய மோட்டாரா, சூரிய பம்பா, சொட்டுநீரா? கொங்குத் தோட்டங்களுக்கான ஒரு கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத் தோட்டங்களில் மின்சாரம் பெரும்பாலும் நிலத்தடி நீரை மேலேற்றவே செலவாகிறது. 100 மீட்டர் ஆழத்திலிருந்து 1 லட்சம் லிட்டர் நீரை ஏற்ற, எந்த இழப்பும் இல்லாவிட்டாலே ஏறத்தாழ 27 யூனிட் வேண்டும். பம்புசெட்டின் திறன், அதாவது செலவாகும் மின்சாரத்தில் நீரை ஏற்றப் பயன்படும் பங்கு, 30 விழுக்காடாக இருந்தால் அது 91 யூனிட்டாகிறது; 50 விழுக்காடாக இருந்தால் 55 யூனிட் போதும். இந்த 36 யூனிட் இடைவெளியை எந்த வழியில் அடைப்பது என்பதே கேள்வி.

மின்சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரை பெற்ற புதிய மோட்டார் நேரடியான வழி. ஆனால் வேளாண் மின்சாரம் இலவசமாக இருப்பதால் மிச்சமாகும் யூனிட் விவசாயியின் கைக்குப் பணமாக வருவதில்லை. ஆகவே அவர் மூன்றாம் முறையாகக் காயில் கட்டிய பழைய மோட்டாரையே மீண்டும் குழிக்குள் இறக்குகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பலன் மானியச் சுமையைத் தாங்கும் அரசுக்குப் போகிறது என்பதால், மோட்டார் மாற்றும் செலவின் பெரும்பங்கையும் அரசே ஏற்பதுதான் முறை.

2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில், மின்கட்டமைப்போடு இணையாமல் தனித்து இயங்கும் சூரிய பம்புக்கு மத்திய அரசு 30 விழுக்காடும் மாநில அரசு 30 விழுக்காடும் தருகின்றன. மின் இணைப்புக்காகக் காத்திருப்பவருக்கும் டீசல் என்ஜின் ஓட்டுபவருக்கும் இது பெரும் உதவி. ஆயினும் இது மின்சாரம் வரும் இடத்தை மாற்றுகிறதே தவிர, இறைக்கும் நீரைக் குறைப்பதில்லை. உபரி மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு விற்கும் வசதியும் சேர்ந்தால்தான் மோட்டாரை நிறுத்துவதற்கு ஒரு காரணம் பிறக்கும்.

சொட்டுநீர் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது தேவையையே குறைக்கிறது. தென்னந்தோப்பில் வாய்க்கால் பாசனத்துக்குக் கொடுத்த 1 லட்சம் லிட்டருக்குப் பதிலாக 60,000 லிட்டர் போதும் என்று வைத்துக்கொண்டால், குழாய் அழுத்தத்துக்காக 15 மீட்டர் சேர்த்துக் கணக்கிட்டாலும், 30 விழுக்காடு திறனுள்ள பழைய மோட்டாரிலேயே செலவு 63 யூனிட்டுக்கு இறங்குகிறது; 50 விழுக்காடு திறனுள்ள புதிய மோட்டாரும் சேர்ந்தால் 38 யூனிட். மோட்டாரை மட்டும் மாற்றியவரை விட இவர் 17 யூனிட் குறைவாகச் செலவழிப்பதோடு, 40,000 லிட்டர் நீரும் நிலத்தடியிலேயே தங்குகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. உப்பு படிந்து சொட்டுவான்கள் அடைபடுவதும், அணிலும் எலியும் குழாயைக் கடிப்பதும் உண்மையான தொல்லைகளே. வடிகட்டியைத் தவறாமல் கழுவ ஆளும் வேண்டும்.

எனவே சொட்டுநீரை முதலில் அமைத்துவிட்டு, குறைந்துபோன நீர்த்தேவைக்கு ஏற்ற குதிரைத்திறனில் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை என்று கருதுகிறேன். இந்த வரிசை தவறிய தோட்டங்களில், பெரிய மோட்டாரின் வேகத்தைக் குழாய்கள் தாங்காது என்று வால்வைத் திருகி, மின்சாரம் செலவழித்து ஏற்றிய நீரில் ஒரு பகுதியைக் கிணற்றுக்கே திருப்பி விடுகிறார்கள்.