இதமான துண்டும் கீழ்க்கம்பியில் ஏறிய துருவும்

உள்ளே வெந்நீர் ஓடி அறையையும் மேலே போட்ட துண்டையும் சூடாக்கும், குரோமியம் பூசிய ஏணி வடிவ ரேடியேட்டரைக் குளியலறைக்கு வாங்கலாமா என்று, இங்கிலாந்தின் லெஸ்டரில் புதுவீடு வாங்கியிருக்கும் நண்பர் சென்ற வாரம் கேட்டார். ஹாரோவில் எங்கள் வீட்டில் அது ஆறு குளிர்காலங்களைக் கண்டுவிட்டதால், தொலைபேசியில் சொன்ன பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி விடியலில், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கையில், கைக்கு எட்டும் துண்டு இளஞ்சூட்டோடு இருப்பது எத்தகைய சுகம் என்பதை, காயாத துண்டால் இந்த ஊர்க் குளிரில் துவட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வகையில் ஒரு நாளும் அது குறை வைத்ததில்லை.

மூன்றாம் ஆண்டின் முடிவில், கடைசிக் கம்பி பக்கக்குழாயோடு பற்றவைக்கப்பட்ட இடத்தில் கடுகளவுப் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. துடைத்தால் மறைந்தது, இரண்டே வாரத்தில் திரும்ப வந்தது. இன்று அங்கே பூச்சு கொப்புளித்து, நகம் பட்டாலே வெள்ளிச் செதிலாகப் பெயர்கிறது. ஐந்தாண்டு உத்தரவாதம் என்று சொல்லி விற்ற கடையில், அது நீர்க்கசிவுக்கு மட்டுமே பொருந்தும், மேற்பூச்சுக்கு இல்லை என்றார்கள். இந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

உள்ளிருக்கும் நீர்தான் அரிக்கிறது என்று எண்ணி, துருத்தடுப்பு மருந்தை இருமுறை ஊற்றச் செய்தேன். அது அவசியமானதே, அது இல்லாவிட்டால் உள்ளே கருஞ்சேறு படிந்து ரேடியேட்டரின் அடிப்பகுதி சூடேறாது. ஆனால் எங்கள் துரு வெளியிலிருந்து வந்தது. ஈரத்துண்டின் நீர் கம்பி கம்பியாக இறங்கிக் கடைசியில் தங்குவது அந்தப் பற்றவைப்பின் இடுக்கில்தான். மேலே மின்னும் குரோமியம் ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, இராது. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே சாதாரண எஃகு. துத்தநாகப் பூச்சாக இருந்தால், அது தன்னை அரிபடவிட்டு எஃகைக் காக்கும். நிக்கலில் ஊசிமுனைத் துளை விழுந்தாலோ எஃகுதான் முதலில் அரிபடும். வெள்ளை எனாமல் ரேடியேட்டராக இருந்திருந்தால், அது ஆறிக் கிடக்கும்போது உப்புத்தாளால் வெற்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, துரு தடுக்கும் அடிப்பூச்சான துத்தநாக பாஸ்பேட் பிரைமர் அடித்து, மேலே எனாமல் பூசி மீட்டிருக்கலாம். குரோமியத்தில் எந்த வண்ணமும் ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

துண்டை நன்றாகப் பிழிந்து போட்டு, குளித்த பின் கீழ்க்கம்பியை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்திருந்தால் இத்தனை விரைவில் இந்நிலை வந்திராது. பிளீச் கலந்த திரவம் தெளித்துத் துடைத்ததும் தவறு. குளோரின் அந்தப் பூச்சுக்குப் பகை. இங்கிலாந்தின் கட்டட விதிகள் குளியலறை விசிறிக்கு நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்றும் திறனைக் கேட்கின்றன. எங்கள் விசிறியோ தூசியடைத்து, ஒரு தாளைக்கூட இழுத்துப் பிடிக்க வலுவற்றிருந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகுதான் சுவரில் நீர் முத்துவது நின்றது.

இவ்வளவு இதம் தந்த பொருளை வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். விலை கூடினாலும், குரோமியம் உலோகத்தோடே கலந்திருக்கும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்கச் சொன்னேன். எங்களுடையதைக் கோடையில் கழற்றிவிடுவதாக இருக்கிறோம். இன்று காலையும் துண்டு அதில்தான் காய்ந்தது.