வெள்ளைத் துணியில் மட்டும் ஒழுங்காகத் தைக்கும் இயந்திரம்

என்னிடம் இருக்கும் அதே ஜப்பானியத் தையல் இயந்திரத்தின் விலை இப்போது இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். எத்தனை வகைத் தையல் போடும், எவ்வளவு வேகமாக ஓடும் என்பதையெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். பல ஆண்டுகளாக அதை வைத்துத் தைத்து வருபவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது அதன் சர்வீஸைப் பற்றித்தான். அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இயந்திரத்தின் மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் கிடையாது. டூ பை டூ துணியில் ரவிக்கை, பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ், திரைச்சீலை என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் தைக்கும். கைக்குழியில் நான்கைந்து மடிப்புத் துணி சேரும் இடத்தில்கூடத் திணறாது. சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் தைத்தும் கீழ்வீட்டுக்காரர் இதுவரை கதவைத் தட்டியதில்லை. சிக்கல் மெல்லிய துணியில் வந்தது. ஜார்ஜெட்டும் மென்பட்டும் வைத்தால் இடையிடையே தையல் விட்டுப்போகத் தொடங்கியது. புது ஊசி, நல்ல நூல், அடிநூல் சுற்றும் பாபின் என்று எதை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

உரிய சேவை நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் வேண்டாம். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு இயந்திரம் பளபளவென்று துடைக்கப்பட்டு வந்தது. அழுத்துபாதத்தின் கீழே இரண்டாக மடித்த வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்று, அதில் கறுப்பு நூலால் போட்ட நேர்த்தையலும் நெளித்தையலும். அச்சடித்ததுபோன்ற தையல், குறை சொல்ல இடமே இல்லை. வீட்டுக்கு வந்து ஜார்ஜெட்டை வைத்தேன், முதல் சாணுக்குள்ளேயே மூன்று இடங்களில் விட்டுப்போனது. மறுபடியும் கொண்டுபோனேன். ஜார்ஜெட்டில்தான் கோளாறு என்று படிவத்தில் எழுதியும் கொடுத்தேன். மறுபடியும் அதே வெள்ளைத் துணி, அதே அழகான தையல், பரிசோதித்ததில் கோளாறு ஏதும் இல்லை என்ற குறிப்பு, 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியோடு ஒரு பில். அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பருத்தியில் தைத்துப் பார்ப்பது ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஊசி அடிமட்டத்துக்குப் போய், மேலே திரும்பத் தொடங்கும்போது, துணியின் பிடிப்பால் நூல் கூடவே ஏறமுடியாமல் ஊசியின் பின்பக்கம் சிறு வளையமாகப் புடைக்கிறது. அந்த நொடியில், தகட்டுக்கு அடியில் ஓடும் ஷட்டிலின் கொக்கி முனை ஊசியின் காதுக்குச் சற்று மேலே வந்து வளையத்துக்குள் நுழைந்தால்தான் மேல்நூலும் அடிநூலும் பிணையும். கெட்டியான பருத்தி நூலை இறுகப் பிடித்துக்கொள்வதால் வளையம் பெரிதாக விழும். கொக்கி கொஞ்சம் இடம் தவறி வந்தாலும் பிடித்துவிடும். ஜார்ஜெட் அப்படியல்ல. ஊசியோடு துணியும் சேர்ந்து எழும்பும். நெளித்தையலுக்காக அகலமாக வெட்டிய தகட்டுத் துளைக்குள் ஊசியோடு உள்ளேயும் இறங்கும். வளையம் சரியாக விழாத அந்த இடத்தில்தான் ஒரு மயிரிழைப் பிசகும் வெளியே தெரியும். ஆகவே, பருத்தியில் நன்றாகத் தைக்கிறது என்பது இயந்திரம் ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சான்று.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதே நிலையத்தில்தான் முன்பொருமுறை காலடி மிதியின் வயர் அறுந்தபோது நேர்த்தியாக மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய பாகத்துக்குத் தனி விலையும் வேலைக்குத் தனிக் கூலியும் பில்லில் தெளிவாக இருந்தன. முகப்பில் இருக்கும் பெண்கள் மரியாதையானவர்கள். இதையெல்லாம் எழுதும்போதும் எனக்கு அந்த வெள்ளைத் துணிதான் கண்முன் வந்து நிற்கிறது.

கடைசியில் தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் மாடியில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர், சிராங்கூன் சாலைப் பக்கம் சந்து ஒன்றில் இருக்கும் வயதான மெக்கானிக்கிடம் அனுப்பினார். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி: “எந்தத் துணிக்கு விடுது? அதையே கொண்டு வாங்கம்மா.” இதைக் கேட்கத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன் என்று தோன்றியது.

அவர் முதலில் ஊசித்தகட்டைக் கழற்றினார். துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியிலிருந்து, அழுந்தி அழுந்திக் கம்பளித் துண்டுபோல் இறுகியிருந்த பஞ்சைக் குறடால் இழுத்து வெளியே வைத்தார். இரண்டு முறை ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று பில் வாங்கிய இயந்திரம் அது. பிறகு கைச்சக்கரத்தைத் தம் பக்கமாக மெல்லச் சுற்றி, டார்ச் அடித்துக் கொக்கி முனையை எனக்கும் காட்டினார். அது காதுக்கு மேலே வராமல் காதை உரசிக்கொண்டு போயிற்று. ஊசிக்கம்பியின் திருகைத் தளர்த்தி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கம்பியைக் கீழே இறக்கி முடுக்கினார். அடிநூலின் இறுக்கம் பார்க்க, பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு ஒரு வெட்டு வெட்டினார். கொஞ்சம் இறங்கி நின்றது, அப்படித்தான் நிற்க வேண்டுமாம். அதன்பின் என் ஜார்ஜெட் ஓர் அங்குலம்கூட விடாமல் ஓடியது. சேவை நிலையத்தில் கொடுத்த தொகையில் பாதிகூட அவர் வாங்கவில்லை.

பராமரிப்பு பற்றி அவர் சொன்னவற்றில் இரண்டைச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அது நாளடைவில் பிசினாகி இயந்திரத்தை இறுக்கிவிடும். நிறமற்ற தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஷட்டில் ஓடும் வளையத்தில் விட்டால் போதும். விட்ட பின் பழந்துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டால் நல்ல துணியில் கறை படாது. இரண்டாவது, தைக்காமல் மூடிவைப்பது. காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் இயந்திரத்தை மாதக்கணக்கில் உறைபோட்டு வைத்தால் தகட்டுத் திருகுகளும் ஷட்டிலும் துருவேறும். வேலை இல்லாவிட்டாலும் அவ்வப்போது திறந்து ஓட்ட வேண்டும். ஊசியை மாற்றுவது, நூல் கோக்கும்போது பாதத்தைத் தூக்கிவைப்பது முதலியவை கையேட்டிலேயே இருக்கின்றன.

இவ்வளவு புகழ்ந்த இயந்திரத்தை வாங்கு என்று தோழியிடம் சொன்னேனா என்றால், இல்லை. வாங்காதே என்றுதான் சொன்னேன். அந்த மெக்கானிக்குக் கண் மங்கி வருகிறது. பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவர் கடையைப் பூட்டிய மறுநாள் முதல் இந்த இயந்திரத்துக்கு வெள்ளைத் துணிதான் கதி. முரணாகப் பேசுகிறாய் என்று அவள் சிரித்தாள்; சிரிக்கட்டும்.

அவள் எப்படியும் வாங்கத்தான் போகிறாள். ஆகையால், கடைக்குப் போகும்போது ஒரு முழம் ஜார்ஜெட்டைக் கையோடு கொண்டுபோய், பணம் கட்டுவதற்கு முன் அதில் தைத்துக் காட்டச் சொல் என்று சொல்லியிருக்கிறேன். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தையல் விட்டுப்போனால், 2012 செப்டம்பரில் இங்கே நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் ‘லெமன் சட்ட’த்தின்படி அந்தக் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. அப்போதும் அந்த ஜார்ஜெட்டைப் பெட்டிக்குள் வைத்தே அனுப்ப வேண்டும், அதில் தைத்துத் திருப்பித் தரவேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.