கொம்பியூட்டரைத் தூரத்திலிருந்து எழுப்பித் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

வயதான தாய் தகப்பனை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். "எங்க இருந்தாலும் வீட்டுக் கொம்பியூட்டரை நீங்களே ஓன் பண்ணலாம், நாங்கள் செட் பண்ணித் தாறம்" என்று ரவுணில் ஒரு கடை ஆள் பிடிக்கிறது. என்னிடம் "விசேஷ நெட்வேர்க் கார்ட்" என்று 9,500 ரூபா, வேலைக்கூலி 6,000 ரூபா, அதற்குமேல் மாதம் 1,500 ரூபா வாங்கினார்கள். அவர்கள் உண்மையில் செய்தது இரண்டு வேலை. கொம்பியூட்டர் அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். வீட்டு இணைப்பை உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள்.

நான் கட்டட வரைபடம் வரைகிறவன். பெரிய கோப்புகளும் மென்பொருளும் கொக்குவில் வீட்டு மேல்மாடியில் இருக்கும் மெஷினில்தான். கிழமை நாட்களில் கொழும்பில் நிற்பதால், தேவைப்படும்போது அம்மாதான் படியேறிப்போய் பட்டனை அமத்துவா. முழங்கால் வருத்தத்தோடு அவவை ஏற்றி இறக்க மனமில்லாமல்தான் இந்த ஏற்பாட்டைத் தேடினேன்.

கடையிலிருந்து வந்த பெடியன் கார்டைப் பூட்டினான், ரவுட்டரில் ஏதோ மாற்றினான், கொம்பியூட்டரை அணைத்தான். பிறகு என்னுடைய போனில் வைஃபையை நிறுத்தி டேட்டாவைப் போடச் சொல்லி, ஒரு செயலியில் பட்டனைத் தட்டச் சொன்னான். தட்டினேன். மேலே விசிறி சுழலும் சத்தம் கேட்டது. "பாத்தியளா அண்ணை, இனி லண்டனில இருந்தும் எழுப்பலாம்" என்றான். காசைக் கொடுத்தேன்.

இந்தச் செய்முறைக் காட்சியில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொம்பியூட்டரை அணைத்தாலும் சுவரில் கரண்ட் இருக்கும்வரை அதன் நெட்வேர்க் பகுதிக்கு ஒரு சிறு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கேபிள் செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிவது அதனால்தான். அந்தப் பகுதி ஒரேயொரு செய்திக்குக் காத்திருக்கும். அதற்குப் பெயர் மேஜிக் பக்கெட். எஃப்எஃப் என்ற பெறுமதி ஆறு பைட், அதன்பின் அந்த மெஷினின் மாக் முகவரி, அதாவது நெட்வேர்க் பகுதிக்குரிய தனி அடையாள இலக்கம், 16 தடவை, மொத்தம் 102 பைட். வேக்-ஒன்-லேன் என்ற இந்தத் தொழில்நுட்பம் 1990களிலேயே வந்தது. கேபிள் இணைப்புள்ள அநேகமான மதர்போர்ட்களில் இது ஏற்கெனவே இருக்கிறது. விசேஷ கார்ட் என்று ஒன்று தேவையே இல்லை.

வீட்டுக்குள் இது சுலபமாக வேலை செய்யும். வெளியிலிருந்து வரும்போது செய்தி ரவுட்டரைத் தாண்ட வேண்டும். எந்த ஐபி (நெட்வேர்க்கில் மெஷினுக்குக் கொடுத்த முகவரி) எந்த மாக் முகவரிக்குரியது என்று ரவுட்டர் ஒரு அட்டவணை வைத்திருக்கும். கொம்பியூட்டரை அணைத்துச் சில நிமிடங்களில் அந்த வரி அட்டவணையிலிருந்து அழிந்துவிடும். பிறகு செய்தி வந்தால் "இந்த ஐபி யாருடையது?" என்று ரவுட்டர் கேட்கும், தூங்குகிற மெஷின் பதில் சொல்லாது, செய்தி அங்கேயே கைவிடப்படும். அணைத்த கையோடு சோதித்தால் எழும்பும், மறுநாள் எழும்பாது. அந்த வரியை நிரந்தரமாகப் பதிந்து வைக்கலாம், அல்லது செய்தியை வீட்டிலுள்ள எல்லா மெஷினுக்கும் போகும் முகவரிக்கு, அநேகமாக 192.168.1.255க்கு, திருப்பிவிடலாம். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் இரண்டுக்குமே இடம்கொடுப்பதில்லை. இந்தத் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

அப்படியே நடந்தது. கொழும்புக்குப் போன பிறகு எழும்பவில்லை. கடைக்கு எடுத்துக் கேட்டால் "உங்கட லைன் பிரச்சினை அண்ணை, நாங்கள் பாக்கிறம்" என்றார்கள். நான் இல்லாத நேரம் பெடியன் வீட்டுக்கு வந்து ஏதோ செய்துவிட்டுப் போனான். அதன்பின் எப்போது கூப்பிட்டாலும் மெஷின் கிடைத்தது. வேலை முடிந்ததும் டெஸ்க்டொப்பில் அவர்கள் வைத்த "ஓஃப்" என்ற ஐகனை மட்டும் அமத்தச் சொன்னார்கள். வழமையான ஷட்டவுன் செய்தால் செட்டிங் போய்விடுமாம்.

அம்மாதான் முதலில் சொன்னா: "தம்பி, உன்ர கொம்பியூட்டர் இரவிரவா இரையுது, நீ படுக்கிறேல்லையே?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அந்த "ஓஃப்" ஐகனின் உள்ளே இருந்தது திரையைப் பூட்டும் கட்டளை மட்டும். ஸ்லீப் "ஒருபோதும் இல்லை" என்று மாற்றப்பட்டிருந்தது. டாஸ்க் மனேஜரில் மெஷின் தொடர்ந்து ஓடிய நேரம் கிழமைக் கணக்கில் நின்றது. கேஸின் பின்பக்கம் திரும்பினால், 9,500 ரூபா கார்டின் வாயில் தூசி படிந்திருக்கிறது. நெட்வேர்க் கேபிள் மதர்போர்டின் பழைய இடத்திலேயே செருகியபடி. அந்த முதல்நாள் காட்சியும் என்னுடைய பழைய பாகத்தை வைத்தே நடந்திருக்கிறது. சும்மா நிற்கும் மேசைக் கொம்பியூட்டர் 60 வாட் இழுத்தால் மாதத்துக்கு 43 யூனிட். அந்தக் காசும் என் தலையில்.

காசு போனதைவிட என்னை உலுக்கியது ரவுட்டர்தான். தூரத்திலிருந்து திரையைப் பார்த்து மெஷினை இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப்புக்குரிய 3389 போர்ட், அதாவது அதற்கான வாசல், வெளியுலகத்துக்கு நேரடியாகத் திறந்திருந்தது. விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு எனக்குத் தெரியாத ஒரு கணக்கு. பெடியனிடம் கடவுச்சொல்லைக் கேட்டபோது, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே கடவுச்சொல்தான் என்று தயக்கமில்லாமல் சொன்னான். ஈவென்ட் வியூவரில் பாதுகாப்புப் பதிவைத் திறந்தேன். 4625 என்ற இலக்கம், அதாவது தோல்வியடைந்த உள்நுழைவு, பக்கம் பக்கமாக ஓடியது. அட்மின், யூசர், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் கும்பல்கள் உள்ளே வரும் முக்கியமான வழிகளில் இந்தத் திறந்த போர்ட்டும் ஒன்று. 2019 மே மாதம் இதே ரிமோட் டெஸ்க்டொப்பில் புளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தபோது, கைவிட்டுப் பல வருடமான விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு பயந்தார்கள். என்னிடம் வாடிக்கையாளர்களின் வீட்டுப் பிளான்கள், உறுதிகளின் பிரதிகள் எல்லாம் இருந்தன.

எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு அண்ணைக்கும் இதையே விற்றிருக்கிறார்கள். அவரிடம் இருப்பது 4ஜி ரவுட்டர். அதன் செட்டிங் பக்கத்தில் தெரிந்த வெளி ஐபி 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரையான முகவரி என்றால், ஒரு பொது ஐபியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன என்று அர்த்தம். அந்த இணைப்பில் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் நேரடியாக உள்ளே வராது. அவருக்கு முதல்நாளே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் ஓய்வூதியக் காசில் கொடுத்தவர்.

இப்போது என்னுடைய வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கொம்பியூட்டர் ஒன்று ஓடுகிறது. மாதம் மூன்று யூனிட் அளவில்தான் எடுக்கும். கொழும்பிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக அதற்குள் போய், அங்கிருந்து மேஜிக் பக்கெட்டை அனுப்புகிறேன். செய்தி வீட்டுக்குள்ளிருந்தே புறப்படுவதால் ரவுட்டரின் அட்டவணை குறுக்கே வராது, 3389ஐத் திறக்கவும் தேவையில்லை. டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன்னைப் போட்டால் அந்த அண்ணையின் 4ஜி இணைப்பிலும் ஓடும். பயோஸில் (விண்டோஸ் தொடங்கமுன் திறக்கும் செட்டிங் பக்கம்) வேக்-ஒன்-லேனை இயக்கி, ஈஆர்பி என்ற மின்சேமிப்பை நிறுத்தி, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்த வேண்டும். கரண்ட் போய் வந்தால் சில மெஷின்கள் ஒருமுறை ஓடும்வரை செய்தியைக் கேட்காது. அதற்கு, கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி பயோஸிலேயே வைக்கலாம்.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுப்பதென்றால், மாலையில் அணைத்துவிட்டு அடுத்தநாள் காலை வெளியிலிருந்து எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே செய்வித்தவர்கள் இன்றிரவே ரவுட்டரின் போர்ட் ஃபோர்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 3389 இருந்தால் அழியுங்கள். வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே மெஷினுக்கு அனுப்பும் டிஎம்செட் என்ற இடத்தில் உங்கள் கொம்பியூட்டரின் ஐபி இருந்தால் அதையும் எடுங்கள். விண்டோஸில் தெரியாத கணக்கு இருந்தால் நீக்கி, உங்களுடைய கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

கடை முதலாளியிடம் நேரே போய்க் கதைத்தேன். "எல்லாருக்கும் இப்பிடித்தான் தம்பி செய்யிறம், ஒருத்தரும் குறை சொன்னதில்லை" என்றார். காசு திரும்பக் கிடைக்கவில்லை. எனக்குத் தந்தது பற்றுச்சீட்டு அல்ல, கையால் எழுதிய துண்டு. அதையும், மாதக் கட்டணம் வங்கியால் அனுப்பிய பதிவுகளையும், கார்டின் வாயைப் பிடித்த படத்தையும் சேர்த்து பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. ஒழுங்கை அண்ணையின் முறைப்பாட்டை இந்தக் கிழமை இருவருமாக எழுதுகிறோம்.