காரைக்குடி காபிக் கடையில் பத்தரை மணி இடைப்பலகாரம்

காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே வேளையாக முடிக்க நினைப்பவர்களுக்கு, செக்காலைப் பக்கம் இருக்கும் இந்தக் காபிக் கடையில் சரியான நேரம் பத்தரை மணி. ஒன்பது மணிக் கூட்டம் கலைந்திருக்கும். இரண்டாவது ஈட்டு மாவு அப்போதுதான் கிரைண்டரிலிருந்து வழித்து எடுக்கப்படும். அந்த மாவுக்காகத்தான் இந்தக் கடைக்குப் போகச் சொல்கிறோம்.

வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு புளிக்கவே கூடாது. பச்சரிசியை டம்ளரில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்துக் கணக்கு. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, கொஞ்சம் பால் விட்டு இளக்கிக்கொள்வார்கள். காயும் எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் அதுவாகவே உப்பி எழும்; ஒரு தடவை திருப்பினால் போதும். மாவு நீர்த்துவிட்டால் தட்டையாகப் பரவி எண்ணெயைக் குடிக்கும். கெட்டியானால் நடுவில் வேகாது. உளுந்து கூடினாலும் எண்ணெய் இழுக்கும். புளித்தாலோ சர்க்கரை கூடினாலோ சிவந்துவிடும், பிறகு அதற்கு வெள்ளைப் பணியாரம் என்ற பெயரே பொருந்தாது. இங்கே பத்தரைக்கு வருவது வெள்ளையாக, ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமாக, பிய்த்தால் பஞ்சாக இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வருவதில் வெயிலின் வேலை தெரிகிறது.

ஒவ்வொன்றாகத்தான் ஊற்றி எடுக்க முடியும் என்பதால் ஒரு தட்டுக்குச் சில நிமிடம் பிடிக்கும். உட்கார்ந்த உடனே சொல்லிவிடுங்கள். தேங்காய்ச் சட்னியைத்தான் முதலில் வைப்பார்கள். “அண்ணே, மிளகாய்த் துவையல் வைங்க” என்று கேட்டு வாங்குங்கள். வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி அரைத்து நல்லெண்ணெயில் வதக்கியது. மாவின் இனிப்புக்கு அந்தக் காரம்தான் ஜோடி.

இடியாப்பத்துக்குக் கத்திரிக்காய்க் கோசமல்லி தருகிறார்கள். கத்திரிக்காய் நன்றாக மசிந்திருக்கிறது, புளி மட்டும் ஒரு பிடி தூக்கல். இட்லி சுமார்தான்.

கவுனி அரிசியை விட்டுவிடாதீர்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நகரத்தார் வழியாக இந்த ஊருக்கு வந்த கறுப்பரிசி இது. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் நிறமும் அதோடு போய்விடும். அரிசி வெடித்து மலர்ந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்கலாம். முன்னாலேயே போட்டால் விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் வேகாது. இங்கே பதம் சரியாக இருக்கிறது, தேங்காய்ப்பூவிலும் நெய்யிலும் கஞ்சத்தனம் இல்லை. ஆறினால் நெய் உறைந்துவிடும் என்பதால் சூடாகவே சாப்பிடுங்கள்.

காபி கடைசியில். கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், கொதி அடங்கியதும் ஃபில்டரில் விட்டு, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் சொட்டவிடுகிறார் மாஸ்டர். அதனால் முதல் டிகாக்‌ஷனில் கசப்பு ஏறுவதில்லை. சிக்கரி கலந்த தூள்தான். டவராவில் ஆற்றும்போது அந்தக் கனம் தெரியும். மணக்க மணக்க வேண்டுமென்றால் “புது டிகாக்‌ஷனா?” என்று கேட்டு, இல்லையென்றால் புதிது இறங்கும்வரை காத்திருங்கள். இரண்டாவது டிகாக்‌ஷனில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுதான் இந்தக் கடையின் ஒரே பெரிய குறை. பதினொன்றரைக்கு மேல் காய்ந்த பால் வாடை காபியை அமுக்கிவிடுகிறது.

பிள்ளையார்பட்டியில் கூட்டம் கூடும் சதுர்த்தி நாளிலும், ஆத்தங்குடி, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வேன்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையிலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். பார்சல் வாங்குவதானால் கவுனி அரிசி மட்டும் வாங்குங்கள். பணியாரம் பொட்டலத்துக்குள் வியர்த்து, வீடு போவதற்குள் துவண்டுவிடும்.