நிகரகுவாச் சுருட்டுக்கு உடன்குடிக் கருப்பட்டி

வடசென்னையில் சுருட்டு என்றவுடன் நினைவுக்கு வருவது முனீஸ்வரனுக்கு வைக்கும் படையலும், காசிமேட்டில் வலையைச் சீர் செய்தபடி புகைக்கும் பெரியவர்களும்தான். அவர்கள் கையில் இருப்பது திண்டுக்கல் பக்கத்து இலையில் உருட்டிய, இரு முனையும் திறந்த, வெட்டாமலேயே பற்றவைக்கக்கூடிய நாட்டுச் சுருட்டு. அதன் காரம் தொண்டையை முதல் இழுப்பிலேயே பிடித்துவிடும். இந்த மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொண்டது அதே கைத்தொழிலின் இன்னொரு எல்லையில் நிற்கும் ஒன்று: மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் கையால் உருட்டப்படும், பாட்ரோன் நிறுவனத்தின் 1964 அனிவர்சரி வரிசையின் எக்ஸ்க்ளூசிவோ, அதிலும் மதூரோ எனப்படும் கருநிற இலை சுற்றியது. நான் புகைத்துப் பார்த்த சுருட்டுகளில் இதற்கு மேலானது என்று சொல்ல வேறொன்று எனக்கில்லை. ஆயினும் நம் ஊரில் அதன் சுவை முழுமையாக வெளிப்படுவதும் கெட்டுப்போவதும், அதை எப்படிப் பாதுகாத்தோம், எதோடு சேர்த்துப் புகைத்தோம் என்ற இரண்டையும் பொறுத்தே அமைகிறது. இணையாக வைக்க விஸ்கியைவிடக் கருப்பட்டிக் கடுங்காபியே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் பிறந்த ஹோசே ஓர்லாண்டோ பாட்ரோன், நாட்டைவிட்டு வெளியேறிய பின் 1964-இல் மயாமியில் தொடங்கிய நிறுவனம் இது. 1970-இல் உற்பத்தி நிகரகுவாவின் எஸ்தெலி நகருக்குச் சென்றது. நிறுவனத்தின் 30-ஆம் ஆண்டையொட்டி 1994-இல் இந்த வரிசை வெளிவந்தது. மேலே சுற்றும் இலை, அதற்கடியில் உருவத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டு இலை, உள்ளே வைக்கும் இலை என மூன்றும் நிகரகுவா மண்ணில் விளைந்தவை. நான்கு ஆண்டுகள் பழுக்கவைத்த பிறகே உருட்டப்படுபவை. எக்ஸ்க்ளூசிவோவின் நீளம் ஐந்தரை அங்குலம், பருமன் 50. சுருட்டின் பருமனை ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு என்ற அலகால் அளப்பது வழக்கமாதலால், 50 என்பது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் விட்டமாகும். உருட்டிய பின் பெட்டியில் வைத்து அழுத்தப்படுவதால் வட்டமாக இல்லாமல் நான்கு பக்கங்களும் தட்டையாக இருக்கிறது. விரல்களுக்கிடையே உருளாமல் நிற்கிறது. கீழே வைத்தாலும் ஓடுவதில்லை. ஒவ்வொரு சுருட்டிலும் தனித்தனி எண் அச்சிட்ட பட்டை ஒன்று உண்டு. போலிகள் மலிந்த இந்தச் சந்தையில் வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

அமெரிக்காவில் பணிபுரியும் என் மைத்துனர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தவை இவை. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தீர்வையின்றிக் கொண்டுவர இந்தியப் பயணச்சுமை விதிகள் அனுமதிப்பது 25 சுருட்டுகளை மட்டுமே. அதற்கு மேற்பட்டால் கட்டவேண்டிய தீர்வை, சுருட்டின் விலையையே அர்த்தமற்றதாக்கிவிடும்.

இனிப் பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெளிநாட்டு நூல்கள் தரும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்ந்த, வறண்ட நாடுகளுக்கானவை. 21 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்பது அவர்களின் பழைய கணக்கு. அங்கே சிக்கல் ஈரத்தைச் சேர்ப்பது. ராயபுரத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வாழும் நமக்கோ ஈரத்தைக் குறைப்பதுதான் சிக்கல். ஐப்பசி மழையில் திறந்து வைத்த சுருட்டு ஊறிப் பருத்து, மேலிலை வெடித்து, இழுத்தாலும் புகை வராத கட்டையாகிவிடும். ஆகவே ஈரத்தை வெளியிடவும் உறிஞ்சவும் வல்ல இருவழி ஈரப்பதப் பைகளில் 65 விழுக்காடு என்று குறித்தவற்றையே நம்மவர்கள் வாங்க வேண்டும். 69 என்று குறித்தவை இந்த ஊருக்கு மிகை.

வெப்பம் அதைவிடப் பெரிய எதிரி. வீட்டில் நெடுநாள் வைத்த மஞ்சளையும் மல்லியையும் துளைத்துப் பொடியாக்கும் அதே சிறு வண்டுதான் புகையிலையையும் தின்கிறது. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அதன் முட்டைகள், வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் பொரிக்கத் தொடங்கும் என்பதால், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் ஆபத்தானவையே. நான் செய்வது இதுதான்: சுருட்டுகளைக் காற்றுப் புகாத இரட்டைப் பையில் இட்டு மூன்று நாட்கள் உறைநிலைப் பெட்டியிலும், பிறகு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும் வைத்து, அதன் பின்னரே மெல்ல வெளியே எடுக்கிறேன். உறைநிலையிலிருந்து நேரே அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் மேலிலை கீறிவிடும். அதன் பிறகு அவற்றை இரவில் குளிரூட்டி ஓடும் அறையின் அலமாரியில், மூடி இறுக்கமான ஓர் ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறேன். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டிகள் வெப்பத்தைத் தடுப்பதில் சிறந்தவை. மீன் படாத புதுப் பெட்டியாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை, ஏனெனில் புகையிலை எந்த வாடையையும் உள்வாங்கிக்கொள்ளும். விலையுயர்ந்த மரப்பெட்டி வேண்டுமென்பவர் வாங்கட்டும். அவற்றின் உட்புறத்தில் பதிக்கப்படும் ஸ்பானிஷ் சீடர் எனும் மரம் உண்மையில் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் மணமும் சுருட்டுக்கு நன்மையே செய்யும். ஆனால் நம் ஊர் வெப்பத்தை அந்த மரப்பலகை மட்டும் தடுக்காது.

பற்றவைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாயில் வைக்கும் முனையில் தொப்பிபோல் ஒட்டியிருக்கும் இலையை, அதன் விளிம்புக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கூரான கத்தியால் ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். மறுமுனையைச் சுடரில் நேரே படவிடாமல், சற்று எட்டப் பிடித்து, சுழற்றிச் சுழற்றிச் சூடாக்கிய பின்னரே முதல் இழுப்பை இழுக்க வேண்டும். மொட்டை மாடியில் அமர்வோருக்குக் கடற்காற்றே பெருந்தொல்லை. கோடையில் நண்பகலுக்கு மேல் அது வீசத் தொடங்கிவிட்டால் சுருட்டு ஒரு பக்கமாக எரிந்து, சூடேறி, கசந்துவிடும். மாடிப்படி அறையின் மேற்குச் சுவரோரம் அமர்ந்தால் காற்று மறைவு கிடைக்கும். இரவு உணவுக்குப் பின் காற்று அடங்கிய வேளை அதைவிட நல்லது. மணலிப் பக்கத்துக் காற்று ஆலை வாடையைச் சுமந்து வரும் நாட்களில் இவ்வளவு மென்மையான பொருளைப் பற்றவைத்து வீணாக்க வேண்டாம்.

சுவைக்கு வருவோம். பற்றவைக்கும் முன்பே மேலிலையை முகர்ந்தால் கொக்கோவின் மணமும் உலர்ந்த பேரீச்சையின் இனிப்பும் தெரிகின்றன. முதல் பகுதியில் வறுத்த காபிக்கொட்டையின் கசப்பும், புகையில் சிறிதளவை மூக்கு வழியே விடும்போது மிளகின் உறைப்பும் முன்னிற்கின்றன. புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையதாதலால் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறிவிடும். நடுப்பகுதியில் மிளகு தணிந்து, வறுத்த வேர்க்கடலையின் எண்ணெய்ச் சுவையும் கொக்கோவும் ஓங்குகின்றன. இங்கேதான் இந்தச் சுருட்டின் உயர்வு புலப்படுகிறது: ஒரு சுவை தேய்ந்து மற்றொன்று வருகையில் இடையில் வெறுமை ஏற்படுவதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அளவில் நிதானமாக இழுத்தால் சாம்பல் ஓரங்குலம் வரை உதிராமல் நிற்கிறது, எரிகோடு நேராகச் செல்கிறது. கடைசிப் பகுதியில் மண் வாசனையும் கருஞ்சாக்லேட்டின் கசப்பும் கூடி, வலிமையும் ஏறுகிறது. பட்டையை நெருங்கும்போது சூடு விரலுக்குத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. அவசரப்படாமல் புகைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

வாழ்நாள் முழுவதும் நாட்டுச் சுருட்டே புகைத்து வந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் இதில் ஒன்றைக் கொடுத்தேன். பாதி வரை பேசாமல் புகைத்துவிட்டு, “காரம் பத்தல தம்பி, ஆனா வாசனை நிக்குது” என்றார். இந்த மதூரோவுக்கு அதைவிடத் துல்லியமான மதிப்பீட்டை நான் எந்த இதழிலும் படித்ததில்லை. நாட்டுச் சுருட்டின் இலையும் முறையாகப் புளிக்கவைக்கப்பட்டதுதான். ஆயினும் அதன் நோக்கம் காரம். இதன் நோக்கம் மணம்.

இணை தேடும்போது நம் இயல்பான முதல் தெரிவு பாலூற்றிய ஃபில்டர் காபிதான். அது இந்தச் சுருட்டோடு ஒத்துப்போவதில்லை. பாலின் கொழுப்பு நாக்கின் மேல் படிந்து நடுப்பகுதியின் வேர்க்கடலைச் சுவையை அடியோடு மறைத்துவிடுகிறது. சிக்கரியின் கசப்பு சுருட்டின் கசப்போடு சேர்ந்து இரட்டிப்பாகிறது. சுக்குக் காபியில் சுக்கின் உறைப்பும் சுருட்டின் மிளகும் ஒன்றையொன்று முட்டித் தொண்டையை எரிக்கின்றன. கறுப்பு ரம்மின் வனிலா இனிப்பு முதல் சில மடக்குகளுக்கு மிக இசைவாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது, ஆனால் 42.8 விழுக்காடு சாராயம் நாக்கை மரக்கச் செய்துவிடுவதால், விலை கொடுத்து வாங்கிய சுருட்டின் பின்பாதி எவ்விதச் சுவையுமின்றிக் கழிகிறது. மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோயின் ஆபத்து ஒவ்வொன்றும் தனியாகத் தரும் ஆபத்தைக் காட்டிலும் பன்மடங்காகிறது என்பதும் அதை நான் ஒதுக்குவதற்குக் காரணம்.

கருப்பட்டிக் கடுங்காபி இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபடுகிறது. மதூரோ இலை கறுப்பது சாயத்தால் அன்று; தடித்த இலைகளைக் குவியலாக அடுக்கி, அவை தமக்குள்ளே எழுப்பும் வெப்பத்திலேயே நெடுங்காலம் புளிக்கவைத்து, அம்மோனியா வெளியேறி, இலையின் நிறம் ஆழ்ந்து, இனிப்பும் கசப்பும் ஒன்றாகும்வரை காத்திருந்து பெறுவது அந்தக் கருமை. கருப்பட்டியும் பதநீரை அடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சி, அதிலுள்ள சர்க்கரை பழுப்பேறி, புகைமணமும் மெல்லிய உவர்ப்பும் சேரும்வரை கிளறிப் பெறுவது. இரண்டின் சுவையும் பொறுமையான வெப்பத்தால் விளைந்த இனிப்பு என்பதால், நாக்கில் அவை ஒன்றையொன்று விரட்டுவதில்லை. முதல் பகுதியில் சுருட்டின் மிளகுக்குக் கருப்பட்டியின் இனிப்பு தணிப்பாகிறது. நடுப்பகுதியில் ஒரு மடக்குக் காபிக்குப் பின் வரும் புகையில் கொக்கோ தெளிவாக எழுகிறது. காபியில்லாமல் புகைத்தபோது அந்தத் தெளிவு எனக்குக் கிட்டவில்லை. கடைசிப் பகுதியின் வலிமையில் தலை லேசாகக் கிறுகிறுக்கத் தொடங்கினால் அந்த இனிப்பு உடலுக்கும் உதவுகிறது.

கருப்பட்டி கலப்படமற்றதாக இருப்பது இன்றியமையாதது. சர்க்கரைப்பாகு கலந்தது வெளிர்நிறமாக, வெறும் இனிப்பாக இருக்கும், புகைமணமே இராது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். தட்டிப் போட்டு நீரில் கொதிக்கவிட்டு, மண் போக வடிகட்டி, பிறகு சிக்கரி கலக்காத காபித்தூளைச் சேர்த்து மூடி வைத்துத் தெளியவிட வேண்டும். ஏலக்காயும் சுக்கும் சேர்க்க வேண்டாம். தெருவோரக் கருப்பட்டிக் காபிக் கடைகளில் பெரும்பாலும் இவ்விரண்டும் பாலும் சேர்ந்தே வருவதால், இதற்கு வீட்டுத் தயாரிப்பே ஏற்றது. அருகில் ஒரு குவளை வெறும் நீரும் இருக்கட்டும்.

உணவைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றில் இதைப் பற்றவைக்கவே கூடாது. குமட்டலும் வியர்வையும் நிச்சயம். அதேசமயம் கடற்கரைச் சாலை ஓரத்து அத்தோ எனும் பர்மிய நூடுல்ஸைச் சாப்பிட்ட கையோடு அமர்ந்தாலும் பயனில்லை, பச்சை வெங்காயமும் பூண்டும் புளியும் நாக்கில் ஒரு மணி நேரமாவது தங்கிவிடும். இட்லி, தயிர்சோறு போன்ற மென்மையான உணவுக்குப் பின் அமர்வதே சரி. கொறிக்க வேண்டுமென்றால் உப்பில்லாத வறுத்த வேர்க்கடலை போதும்.

சுருட்டு சிகரெட்டைவிடப் பாதுகாப்பானது என்ற பேச்சை நம்ப வேண்டாம். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். உள்ளிழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் கேடு உண்டு. எனவே பழக்கமாக அல்லாமல் மிக அரிதாகவே இதைப் பற்றவைக்கிறேன். இதுவரை புகைக்காத எவருக்கும் இதைத் தொடங்கச் சொல்லவும் மாட்டேன். பொது இடங்களில் புகைப்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாதலால் கடற்கரையும் தேநீர்க் கடையும் இதற்கு உரிய இடங்கள் அல்ல. மாடியிலும் பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் புகை போகாத மூலையைத் தெரிவு செய்ய வேண்டும், குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

ஏற்கெனவே சுருட்டுப் பழகியவர் இதை வாங்க எண்ணினால், பெட்டியாக வாங்குமுன் ஒன்றிரண்டை மட்டும் வாங்கிப் பாருங்கள். இதே எக்ஸ்க்ளூசிவோ இளம்பழுப்பு இலையிலும் வருகிறது. அதில் கொட்டைச் சுவையும் மர மணமும் மிகுதி, இனிப்புக் குறைவு. கருப்பட்டி அதன்மேல் ஏறி நின்றுவிடும், ஆதலால் அதற்குச் சர்க்கரையிடாத வெறும் கடுங்காபியே போதுமானது. கருப்பட்டியோடு அமர விரும்புகிறவர்கள் மதூரோ என்று கேட்டே வாங்க வேண்டும்.